மஞ்சளுக்கு அடியில் பச்சை

பெயர் ஆஃபியா டாச்சிவா. வயது 36. வண்டிகளுக்கு வாட்டர் பேப்பர் என்ற ஈர உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்த்து மெருகேற்றும் தொழில். விலாசம்: குமாசி, சுவாமே மேகசின் வண்டிப் பட்டறைப் பேட்டை, டயர் கடைகளுக்குப் பின்னால் மூன்றாவது தகரக் கொட்டகை.

நான் மேற்படி இடத்தில் பதினான்கு வருடமாகத் தொழில் செய்து வருகிறேன். இந்த போலீஸ் நிலையத்து லாக்கப்பில் பத்தொன்பது நாளாக இருக்கும் பாஃபோ என் உடன்பிறந்த தம்பி. இரண்டு வருடம் ஓட்டித் தந்தால் வண்டி அவனுக்கே சொந்தம் என்ற பேச்சில், அவன் அம்பொன்சா என்பவருடைய டாக்ஸியை ஓட்டி வந்தான். கெடு முடியப் பதினோரு நாள் இருக்கையில், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டி காணாமல் போனது. தம்பிதான் விற்றுவிட்டான் என்று அம்பொன்சா புகார் கொடுத்ததன் பேரில் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதை எழுதும் சார்ஜண்ட் டெட்டே மெதுவாகச் சொல்லச் சொல்கிறார். எனக்கு இன்று மெதுவாகப் பேச வரவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு கியெரெமே என்று பெயர் சொன்ன ஒருவர் கறுப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. பெயிண்ட் புதிது, ஆனால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. "கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும்மா, நாளைக்கு வாங்குற பார்ட்டி வருது" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் வாச்சே என்ற பயறுச் சோறு சாப்பிட உட்கார்ந்தார். அதன் பிறகு நான் வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, பேப்பரை ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, இடது முன் மட்கார்டிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். நிறமில்லாத மேல்பூச்சு மட்டும் தேயும்வரை வழிகிற தண்ணீர் பால் மாதிரி இருக்கும். நிறம் வந்தால் ஆழமாகத் தேய்த்துவிட்டோம் என்று அர்த்தம். ஓரத்தில் என் கை சற்று அழுந்திவிட்டது. பால் கறுத்தது, நான் துடைப்பதற்குள் மஞ்சளாக வழிந்தது. பக்கத்துக் கொட்டகை இசாக்கா பார்த்துவிட்டு, "என்னக்கா, பதினாலு வருஷ சர்வீஸு, வண்டித் தோலையே உரிச்சுட்டியே!" என்று சிரித்தான்.

எனக்கு வெட்கப்பட நேரமில்லை. எங்கள் ஊரில் நாலு மட்கார்டும் மஞ்சளாக இருந்தால் அது டாக்ஸி. அதன் பிறகு கதவோரத்தில் விரலளவு தேய்த்துப் பார்த்தேன், அடியில் சாம்பல் நிறம். வலது பின் மட்கார்டில் தேய்த்தேன், மஞ்சள். தம்பி வண்டியும் சாம்பல் உடம்புதான். கட்டையைக் கீழே வைத்தேன். இசாக்காவை மோட்டார் சைக்கிளில் இந்த நிலையத்துக்கு அனுப்பினேன். "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்ட கியெரெமேயிடம், "இன்னும் ஊறணும் அண்ணே, அவசரப்பட்டா கீறல் விழும். இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்றேன். வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு சார்ஜண்ட் வந்து பானெட்டைத் திறந்து பார்த்ததில், வண்டியில் பொறித்திருந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். "ஊர்ல ஓடுற டாக்ஸி அத்தனைக்கும் மஞ்சள்தாம்மா. இது உன் தம்பி வண்டின்னு எதை வச்சுச் சொல்ற?" என்று கேட்டார். அங்கே இருபது பேர் கூடியிருந்தார்கள், பாதிப் பேர் என் தொழிலுக்குப் போட்டி. அவர்கள் முன்னால் நான் சொன்னது: இரண்டு வருடத்துக்கு முன் தம்பி வண்டியின் இடது பின் மட்கார்டுக்குப் பட்டி பார்த்தது நான்தான், பிரைமர் தீர்ந்துபோனதால், புதிது வாங்கப் போகாமல் சோம்பேறித்தனத்தால் சர்ச் பேருந்துக்கு அடித்து மிஞ்சிய பச்சையைப் பட்டிமேல் அடித்து, மஞ்சளால் மூடிவிட்டேன், சக்கரத்துக்கு மேலே உள்ளங்கையளவு பச்சை இருக்கும், இது தம்பிக்கும் தெரியாது. "ஓ, அக்காவோட ரகசிய மருந்து!" என்று யாரோ கத்தினார்கள். தேய்க்கும்படி சார்ஜண்ட் சொன்னார்.

அந்த இடத்தில் தேய்த்தேன். கறுப்பு உடனே போனது. மஞ்சள் போகவே இல்லை. பச்சை தெரிந்துவிடக் கூடாதென்று நானே மூன்று கை மஞ்சள் அடித்திருந்தேன். அந்த மூன்று கையையும் வாய்விட்டுத் திட்டினேன். முரட்டுப் பேப்பருக்கு மாற்றித் தேய்க்கத் தேய்க்க, விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் வழிந்தது. நான் போட்ட கூச்சல் டயர் கடை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். கியெரெமே தட்டைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், மச்சான்தான் வித்துத் தரச் சொன்னாரு" என்றார். மச்சான் யார் என்று சார்ஜண்ட் கேட்டதற்கு, "அம்பொன்சா" என்றார். வண்டிக்குக் கறுப்பு அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது.

இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். பச்சை அடித்தது 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்ததை, 'சோம்பேறித்தனத்தால்' என்று திருத்தச் சொன்னேன். அப்போது லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து, "அடிப்பாவி அக்கா, என் வண்டிக்கா பச்சை அடிச்ச?" என்று தம்பியின் குரல் கேட்டது. பத்தொன்பது நாளில் அவன் கோபமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. மறைத்திருந்த ஒன்றையும் இன்று தேய்த்து எடுத்தாகிவிட்டது. கைரேகை வைத்ததில், பேப்பர் தேய்த்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாததால், கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ஆஃபியா டாச்சிவா