இரத்தினம்மா சொன்னதாக நான் சொன்னது

விசாரணைக்கான இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று அனுமதித்ததற்கு முதலில் நன்றி. என் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், வார்டில் நின்றபடியே எழுதி எழுதி வந்த பழக்கம். இதைச் சிங்களத்தில் பெயர்க்கப் போகிறவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு சொல்லையும் விடக் கூடாது, ஒரு சொல்லையும் கூட்டக் கூடாது. ஒரு மனுஷியின் எதிர்காலம் அதில் இருக்கிறது.

என் பெயர் அபீபா. கம்பளையில் பிறந்தவள். இருபத்திரண்டு வருடமாகத் தாதியாக இருக்கிறேன், அதில் பதினான்கு வருடம் கண்டிப் பக்கத்து மனநோய் வார்டில். எங்கள் பெண்கள் வார்டில் டொக்டர்மார் எல்லோரும் சிங்களம் பேசுகிறவர்கள். தாதிமாரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தேயிலைத் தோட்டத்திலிருந்து எந்தப் பெண் வந்தாலும் அவளுக்கு வாய் நான்தான். செவ்வாய்க்கிழமை காலையில் டொக்டர் கட்டில் கட்டிலாகச் சுற்றி வருவார். அவர் கேட்பதைத் தமிழில் கேட்பேன், அவள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வேன், பிறகு டிக்கெட்டில் எழுதுவேன். டிக்கெட் என்றால் கட்டிலோடு இருக்கும் நோயாளியின் பதிவு. அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா, வீட்டுக்கு விடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

நோயாளி சொன்னதைச் சொன்னபடியே எழுது, உன் அபிப்பிராயத்தைத் தனியாக எழுது. பயிற்சியில் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் இது. நானும் மாணவிகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

வத்தேகமப் பக்கத்து நல்லம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சாகிற எண்ணம் இப்போது இல்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள். சொல்லுக்குச் சொல் அதை டொக்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு விட்டார்கள். ஒன்பதாம் நாள் அவள் தன் உயிரை எடுத்துக்கொண்டாள் என்று செய்தி வந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தலைமைத் தாதி மட்டும் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த எண்ணம் இல்லை என்று நீதானே சொன்னாய்?" என்று கேட்டார். பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார். எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. அவள் படுத்திருந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

அதற்குப் பிறகு வந்தவள்தான் இரத்தினம்மா. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், நாற்பத்து மூன்று வயது. புருஷன் ராஜலிங்கமும் மகள் கிருஷாந்தியும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். செத்துப்போன தாய் மலைக்குக் கீழேயிருந்து கூப்பிடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, இரண்டு தரம் எழுந்து ஆற்றுப் பக்கம் போயிருந்தாள். மருந்து நன்றாக வேலை செய்தது. நான்கு கிழமையில் முகம் தெளிந்துவிட்டது. மற்றப் பெண்களுக்குத் தலை வாரிவிட்டாள், கட்டில் விரிப்புகளை மடித்துத் தந்தாள். என் வேலையில் பாதி குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது செவ்வாயன்று டொக்டர் கேட்டதும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப ஒன்னும் கேக்கல மிஸ்ஸி. நல்லா தூங்குறேன். புள்ளைக்கு ஓ லெவல் பரீட்ச வருது, வீட்டுக்குப் போகணும்னு அய்யாகிட்ட சொல்லுங்க."

நல்லம்மாவும் இதே குரலில்தான் சொன்னாள். நான் டொக்டரிடம், "இன்னும் தாயின் குரல் கேட்கிறதாம், சொல்ல வெட்கப்படுகிறாள்" என்றேன். வாய் தவறி வந்ததல்ல, யோசித்துத்தான் சொன்னேன். அவர் மருந்தைக் கூட்டினார். இரத்தினம்மாவிடம், "இன்னம் ஒரு கெழம பாப்போம்னு டொக்டர் சொல்றாரு, பயப்படாம இரிங்க" என்றேன். அது பொய்யில்லை. அவர் அப்படித்தான் சொன்னார்.

அவளுக்குத் தெரிந்த சிங்களம் ஒரு சொல். அடுத்த கிழமை அவளே டொக்டரைப் பார்த்து, "ஹொந்தய் சேர், ஹொந்தய்" என்றாள், நல்லாயிருக்கிறேன் என்று. அவர் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தனக்கு நோய் இருப்பதே அவளுக்கு விளங்கவில்லை என்றேன். எங்கள் தொழிலில் அது உண்மையிலேயே ஓர் அறிகுறி. அவர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவள் எத்தனை தரம் ஹொந்தய் சொன்னாளோ அத்தனை தரம் அந்த அறிகுறி டிக்கெட்டில் ஏறியது.

ராஜலிங்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் மாறி வந்து ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அவரிடம் குடித்தவர் மாதிரி ஒரு வாடை அடித்தது. வீடு பாதுகாப்பில்லை என்று எழுதினேன். அன்று அவருக்குக் கடுமையான இருமல், அது இருமல் மருந்தின் வாடையாகவும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. அதை எழுதவில்லை.

எட்டாவது செவ்வாய்க்குள் மருந்து கூடி அவளுடைய விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. கடைவாயில் எச்சில் வழிந்தது. நான் துடைத்துவிட்டபோது கேட்டாள்: "மிஸ்ஸி, நான் என்ன சொன்னா வீட்டுக்கு விடுவாங்க?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

ஒரு கிழமை முழுக்க அதை யோசித்திருக்கிறாள், பாவம். அடுத்த செவ்வாய் டொக்டர் வந்ததும், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு, "கேக்குதுங்க மிஸ்ஸி. அம்மா கூப்புடுது" என்றாள். அன்றைக்கு நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

அன்றுதான் டொக்டர் மின் அதிர்ச்சிச் சிகிச்சைக்கு எழுதினார். சம்மதக் கடதாசியை விளங்கப்படுத்துவதும் என் பொறுப்பு. "தூங்கவெச்சு ஒரு வைத்தியம் செய்வாங்க, அதுக்குப் பொறகு வீட்டுக்குப் போற நாள் கிட்ட வந்துடும்" என்றேன். வீடு என்றதும் கடதாசியை வாங்கி, நடுங்குகிற கையால் பெயரை முழுதாக எழுதினாள். மூன்று கிழமைக்குள் ஆறு தரம் செய்தார்கள். ஆறு தரமும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கிழமைகளில் செவ்வாய்க்கிழமை அவள் அதிகம் பேசவில்லை, பேச வேண்டியதை நானே பேசினேன். மகளின் பரீட்சை தொடங்கியதும் அப்போதுதான்.

பதின்மூன்றாவது செவ்வாயன்று கிருஷாந்தி வந்தாள். பரீட்சை முடிந்த மறுநாள். பார்க்கவருகிற நேரம் இல்லை, வாசலில் நின்றவர் இரக்கப்பட்டு உள்ளே விட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் நின்றாள். மகளைக் கண்டதும் இரத்தினம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒன்னும் கேக்கல மிஸ்ஸி. புள்ள வந்திருச்சி, நான் அதோட போறேன்" என்றாள்.

மகளோடு போகாதே என்று குரல் தடுக்கிறதாம் என்று டொக்டரிடம் சொன்னேன்.

எனக்குப் பின்னாலிருந்து கிருஷாந்தி சிங்களத்தில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அம்மா அப்படிச் சொல்லவில்லை, வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மா அப்படி சொல்லல மிஸ்ஸி. ஏன் மிஸ்ஸி அப்படி சொன்னீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. டொக்டர் சுற்றிவருகிற நேரத்தில் வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிக்கெட்டைப் பின்பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். ஒன்பது செவ்வாய்க்கிழமைகள், எல்லாம் என் கையெழுத்து.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அவள் சுகமாகிவிட்டாள் என்று எனக்கு ஐந்தாவது செவ்வாயே தெரியும். தெரிந்துதான் எட்டு தரம் மாற்றிச் சொன்னேன். வீட்டுக்குப் போன பெண்ணுக்கு ஏதாவது நடந்தால், யார் சொல்லி அவளை விட்டீர்கள் என்று கேட்பார்கள். வார்டில் இருக்கிற பெண்ணைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னேன், நல்லம்மா செத்துப்போனாள். இரத்தினம்மா உயிரோடு இருக்கிறாள். இதில் நான் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவளை இப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி மருந்தைக் குறைக்கிறார்களாம். மகளின் பரீட்சை எப்போது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறாளாம், முடிந்துவிட்டது என்று சொன்னால் மனதில் நிற்கவில்லையாம். டொக்டர் ஏதாவது கேட்டால் வாயைத் திறக்காமல் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாளாம், நான் நிற்கிறேனா என்று. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரும் வியாழக்கிழமை அவளிடமும் வாக்குமூலம் எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. புது ஆளிடம் அவள் பேசவும் மாட்டாள். எனக்கோ அன்று வேலை இல்லை. நீங்கள் சரியென்றால், நானே வந்து பக்கத்தில் நின்று அவள் சொல்வதை உங்களுக்குச் சொல்கிறேன்.