கழுவாத சட்டி

உறையூரில் தோண்டி எடுத்த பழைய பானை ஓடுகளின் கரியை எல்லாம் தேய்த்துக் கழுவச் சொன்னவன் நான்தான். எங்கள் அருங்காட்சியகத்தின் கண்காட்சியில் அவை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்குக் கழுவாத சட்டிதான்டி வேணும்."

"எங்க ஹாஸ்டலுக்கு வா, மலையா குவிஞ்சிருக்கு."

"கிண்டல் பண்ணாத. அடிப்பிடிச்ச கரியில கொழுப்பு இன்னும் தங்கியிருக்கும். அதைப் பிரிச்சுப் பாத்தா, அந்தக் காலத்துல அதுல சமைச்சது மீனா, இல்ல பாலான்னு சொல்லிடலாம். மியூசியம் கிடங்குல இருக்கிற உறையூர்ப் பானை ஓடுகளையெல்லாம் எந்தப் புண்ணியவானோ தேய்ச்சுத் தள்ளிட்டான். கரியோட ஒண்ணு கிடைக்கலேன்னா என் ஆராய்ச்சி அவ்வளவுதான்."

நான் அழுக்கு என்று நினைத்ததில் இந்தப் பெண் ஒரு சமையலையே படிக்கிறாள். வியந்துபோனேன். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் கிடங்குக்குப் போனேன். சில்லுச் சில்லாக இருந்ததால் தேய்க்காமல் ஒதுக்கிய ஒரு மூட்டையைப் பொறுப்பாளரிடம் காட்டி, உறையூர் ஓடு கேட்டு வரும் மாணவிக்குக் கொடுக்கச் சொன்னேன்.

நேற்று அதே பஸ்ஸில் அவள் குரல் கேட்டது.

"அந்த மூட்டைச் சில்லுல இருந்தது பால்தான்டி! அந்தக் காலத்து உறையூர்க்காரி எவளோ காய்ச்சும்போது அடிப்பிடிக்க விட்டிருக்கா. யார்கிட்ட திட்டு வாங்கினாளோ, பாவம்."

"வாங்கட்டும். சட்டியைக்கூடக் கழுவாம போட்டிருக்கா பாரு."

"அதுக்கே அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம்டி."