பதினெட்டாம் எண் வீட்டின் முன் செர்ரி மரம் பட்டுப்போனது பற்றி

பெயர்: கீலி பெக்வித். வயது: பதினேழு. முகவரி: 18, டான்ஸ்லி சாலை, ஆர்க்வெல், இங்கிலாந்து. வேலை: நடக்க முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்வது. அதற்காகப் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்றேன்.

நான் முதலில் கவனித்தது மரத்தூள். மே இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது, எங்கள் வீட்டு முன் நடைபாதையில் நிற்கும் நகராட்சியின் செர்ரி மரத்தடியில் ஒரு பிடி வெளிறிய தூள் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அடிமரத்தில் வரிசையாக நான்கு துளைகள் இருந்தன, அவற்றைக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவாகப் பேச வராது.

பிப்ரவரியில், அம்மாவின் கணவர் ராய் சக்கர நாற்காலியை நடைபாதையிலிருந்து தெருவில் இறக்கும்போது சக்கரம் வழுக்கி, அம்மா முகம் தரையில்பட விழுந்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே வரவில்லை. நடைபாதையின் விளிம்புக் கல்லை எங்கள் வாசலில் தாழ்த்திவிட்டால் அம்மாவை ஏற்றும் வேனை முற்றத்துக்குள்ளேயே கொண்டுவரலாம் என்று நகராட்சிக்கு விண்ணப்பித்தோம். ஏப்ரல் கடைசியில் ஓர் அதிகாரி வந்து நாடா பிடித்து அளந்தார்.

"மரம் குறுக்க நிக்குது மேடம். அது உயிரோட இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

"அப்ப செத்தா போடுவீங்களா?" என்று ராய் கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பக்கத்து வீட்டு கார்சைட் சிரித்தார்.

அதனால் தூளைப் பார்த்ததும் ராய்மீதுதான் சந்தேகப்பட்டேன். கொட்டகையில் களைக்கொல்லி டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலி. அதன் பிறகு இரண்டு வாரத்தில் இலைகள் சுருண்டு பழுப்பாயின.

"என்ன ராய், மரத்துக்கு மருந்து ஊத்தியாச்சா?" என்றார் கார்சைட்.

"உன் பொண்டாட்டி போட்ட டீயைத்தான் கொஞ்சம் ஊத்தினேன்."

இருவரும் சிரித்தார்கள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ராய், "என்ன கண்ணு, திருடனைப் பாக்கிற மாதிரி பாக்குற?" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி, கார்சைட் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வந்து டப்பாவையும் ராயையும் கொண்டுபோனார்கள். வாசலில் ராய் அம்மாவைப் பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணல லோர்னா, நீ கவலைப்படாத" என்றார்.

அதன் பிறகு அம்மாவின் மாத்திரையை எடுக்க நாற்காலியின் பக்கப் பையில் கைவிட்டேன். மாத்திரைக்கு அடியில், காகிதக் கைக்குட்டையில் சுற்றிய, துளைபோடும் இயந்திரத்தில் மாட்டும் நீளமான ஊசி இருந்தது. அதன் முறுக்குப் பள்ளத்தில் வெளிறிய தூள் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்து மரத்தைப் பார்த்தேன். நான்கு துளைகளும் நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் இருந்தன. ராயின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். நான் தூளைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மே பதினெட்டு, கால்பந்து இறுதியாட்டத்தன்று, ராயும் நானும் கார்சைட் வீட்டில் டிவி முன்னால் இருந்தோம், தெருவே டிவி முன்னால்தான் இருந்தது. அம்மா மட்டும் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டார்.

"நீயா பண்ண?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள்ல விட்டுருவாங்கடி. மரம் போயிருச்சு, இனி என்ன சாக்கு சொல்லுவாங்க? கல்லை எறக்கிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்காத. உனக்குத்தான் அது நல்லா வருமே."

நான் ஊசியைக் கைக்குட்டையோடு ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா சக்கரத்தை உருட்டிக்கொண்டு என் பெயரைக் கத்தியபடி பின்னால் வந்தார். நடைபாதை விளிம்பு வரை வந்து, அங்கே நின்றுவிட்டார். நான் இறங்கித் தெருவைக் கடந்து, நடந்தே போலீஸ் நிலையத்துக்கு வந்து, பையை இந்த மேசைமேல் வைத்தேன்.

இதை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நடந்தது இதுதான்.

(ஒப்பம்) கீலி பெக்வித்