நாக்கை நீட்டினா ஏறுற கட்டி

வேணும்னே வராம இருக்கலைங்கய்யா. போன தடவை நீங்க கோர்ட்டுல கூப்பிட்டப்ப ஆஸ்பத்திரியில இருந்தோம். ஆமா, ரெண்டு பேரும்தான். விவாகரத்து கேட்ட நானும், கொடுக்க வேண்டிய அவரும்.

அவரு தையல் மெஷின் ரிப்பேர் பண்றவரு. மெஷின் முனகினா காது கொடுத்துக் கேப்பாரு. என்கிட்ட வாயே திறக்க மாட்டாரு. குடி கிடையாது, அடி கிடையாது, பேச்சும் கிடையாது. சுவத்தோட குடித்தனம். மனுவுல அப்படித்தானே எழுதியிருக்கு?

உங்க கவுன்சிலிங் அம்மா கேட்டதுக்கும் தலையைத்தான் ஆட்டினாரு. வெளிய வந்ததும், வாயில நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு கேட்டேன். நீட்டிக் காட்டினாரு.

சிரிக்காதீங்கய்யா. அவரு நீட்டினதும் குரல்வளைக்கு மேல ஒரு உருண்டை சரக்குன்னு ஏறுச்சு. இழுத்துக்கிட்டதும் இறங்கிடுச்சு. என்னங்க அதுன்னேன். சின்ன வயசுலேர்ந்து இருக்குன்னாரு. பெருசாகுதான்னேன். ஆமான்னாரு. அந்த வருஷத்துல நாங்க பேசின பெரிய பேச்சு அதுதான்.

டாக்டரும் நாக்கைத்தான் நீட்டச் சொன்னாரு. தாய் வயித்துல இருக்கும்போதே மூடிக்க வேண்டிய குழாய் ஒண்ணு மூடாம, தண்ணிப் பையா தங்கிடுச்சாம். ஊசியில உறிஞ்சிப் பாத்துட்டு பயமில்லைன்னாங்க. பையையும், நாக்குக்கு அடியில அது ஒட்டியிருந்த சின்ன எலும்புல கொஞ்சத்தையும் வெட்டி எடுத்தாங்க. பல்லு புடுங்கின மாதிரி முடிஞ்சுதுன்னு நினைச்சேன். எடுத்ததைச் சோதிச்சா, பைக்குள்ள புத்துநோய். நூத்துல ஒருத்தருக்குத்தான் அப்படி வருமாம்.

அதை டாக்டர் சொன்னப்ப எனக்குத்தான் வாயடைச்சுப் போச்சு. அவரு பேசினாருங்கய்யா. இவளுக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்கன்னாரு.

அப்புறம் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க கூட்டமா வந்து கழுத்தைப் பாத்தாங்க. விழுங்கும்போது வலிக்குதான்னு கேட்டா தலையாட்டுறாரு. ஆமாவா இல்லையான்னு அதுங்களுக்குப் புரியலை. எனக்குப் புரியும். வலிக்குது, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறாருன்னு நான்தான் சொன்னேன்.

கழுத்துல அதுக்குக் கீழ இருக்கிற தைராய்டு சுரப்பிக்கும் நோய் பரவியிருக்கான்னு பாத்தாங்க. சுத்தமா இருந்துச்சு, அதனால அதைத் தொடலை. இப்ப நல்லாத்தான் இருக்காரு. வெளிய பெஞ்சுல என் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

இல்லீங்கய்யா, கேஸை வாபஸ் வாங்க வரலை. அவரு குணம் ஒண்ணும் மாறிடலை. எனக்கு வாய்தா மட்டும் கொடுங்க. திரும்ப வருதான்னு அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமாம். நான் கூடப் போகலைன்னா, அந்த மனுஷன் டாக்டர் முன்னாடி தலையாட்டிட்டு வந்துடுவாரு.

எவ்வளவு நாளைக்கா? நானும் டாக்டரை அதைத்தான் கேட்டேன். ஆயுசு முழுக்கன்னாரு. அதுவரைக்கும் கொடுங்க, போதும்.