கிட்டங்கித் தாம்போதியில் கழற்றிய சட்டை

அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

இரு தரப்பு வாதத்தையும் இமைகொட்டாமல் கேட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இந்த மேடையின் நடுவிலே வீற்றிருக்கும் அவைத்தலைவர் ஸைனுலாப்தீன் அவர்களே, எனக்கு முன் பேசி ‘அணியலாம்’ என்று அடித்துச் சொன்ன சட்டத்தரணி மிஹ்லார் அவர்களே, ‘அணியவே கூடாது’ என்று அழுத்திச் சொன்ன ஆசிரியர் சப்ரி அவர்களே, முன்வரிசையை அழகுபடுத்தும் உலமாக்களே, ஊர்ப் பெரியோரே, வயல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு சம்மாந்துறையிலிருந்து வந்த விவசாயப் பெருமக்களே, தறியின் தாளத்தை நிறுத்திவிட்டு வந்த மருதமுனைச் சகோதரர்களே, சொறிக்கல்முனையிலிருந்து வந்து நம்மோடு சரிசமமாய் அமர்ந்திருக்கும் தமிழ் உறவுகளே, உறங்கும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உரை கேட்கும் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

இன்றைய தலைப்பு, ‘படையினர் பொது இடங்களில் சீருடையோடு நடமாடலாமா’ என்பது. மிஹ்லார் சொன்னார்: சீருடை என்பது அடையாளம். அடையாளம் உள்ளவன் பொறுப்போடு நடப்பான். பெயர் தெரியாதவனைவிடப் பெயர்ப்பட்டி அணிந்தவன் மேலானவன். மறுக்க முடியுமா? முடியாது. சப்ரி சொன்னார்: சந்தைக்குப் போகும் பெண்ணுக்கு, பள்ளிவாசலுக்குப் போகும் மனிதருக்கு, வீதியிலே வரிச் சீருடையைக் கண்டதும் நெஞ்சு விறைக்கிறது. மறுக்க முடியுமா? அதுவும் முடியாது.

நிறைவுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறீர்கள். நிந்தவூரிலே பிறந்து, நாவிதன்வெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலே தமிழ் படிப்பிக்கும் ஹுஸ்னியா நான். சட்டமும் தெரியாது, சண்டையும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு பஸ் பயணம். அதை மட்டும் சொல்ல அனுமதி தாருங்கள்.

பின்னாலிருந்து யாரோ கேட்கிறார், “முடிவச் சொல்லுங்க டீச்சர், கதை என்னத்துக்கு” என்று. முடிவு சொல்வேன் தம்பி. ஆனால், அந்தப் பஸ்ஸில் ஏறாமல் அந்த முடிவுக்கு வந்து சேர வழியில்லை. கொஞ்சம் இடம் விட்டு இருந்துகொள்ளுங்கள்.

அது ஒரு மாரிகாலம். வானம் வாரக்கணக்காக வடிந்துகொண்டிருந்தது. குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நமது கிட்டங்கித் தாம்போதியை அறியாதவர் இங்கே யார்? வெள்ளம் மேலே பாய்ந்து போகட்டும் என்று தாழ்வாகப் போட்ட பாதை அது. கோடையிலே வீதி, மாரியிலே ஆறு.

பாடசாலை விட்டு, மத்திய முகாம் என்ற ஊரிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ்ஸில் ஏறினேன். சாரதி கச்சிமுகம்மது, நாங்கள் எல்லோரும் அறிந்த மனிதர். தாம்போதிக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தார். “கொஞ்சம் கூடப் போகுது போல” என்றார். உள்ளே இருந்தவர்கள் விட்டார்களா? “நேத்தும் இதே தண்ணிதானே காக்கா, மெல்லமா உடுங்க” என்றார்கள். வீடு போகும் அவசரம் எல்லோருக்கும். அவர் மெல்ல விட்டார்.

பாதி வழியில் இயந்திரம் இருமியது. பிறகு நின்றது.

தண்ணீர் முதற்படியில் ஏறியது, இரண்டாம் படியில் ஏறியது. பஸ்ஸின் வயிற்றிலே வெள்ளம் மோதும் ஓசை காலுக்குக் கீழே கேட்டது. பிள்ளைகள் அழுதார்கள். கலிமாச் சொன்னவர்கள் கலிமாச் சொன்னார்கள், கர்த்தரை அழைத்தவர்கள் கர்த்தரை அழைத்தார்கள். அச்சத்துக்கு ஏது மதம்? அப்படியே எல்லோரும் எழுந்து, வெள்ளம் வரும் பக்கத்தை விட்டு மறுபக்கத்துக்கு ஒதுங்கினார்கள். பஸ் ஒரு பக்கமாய்ச் சரிந்தது.

அப்போது நடுவிலே இருந்து ஒருவர் எழுந்தார். கட்டம் போட்ட சேர்ட், பழைய களிசான், தோளிலே ஒரு பை. உரத்துச் சொன்னார்:

“ஒருத்தரும் ஒரு பக்கம் சேராதீங்க. பஸ் புரண்டிரும். இருந்த இடத்திலேயே இரிங்க.”

யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கதவடியில் நின்ற ஒருவர் திரும்பி, “நீ ஆரு எங்களுக்குச் சொல்ல? நீந்தத் தெரிஞ்சவன் குதிச்சுத் தப்பட்டும்” என்றார். இரண்டு இளைஞர்கள் குதிக்க ஆயத்தமானார்கள். அந்த நீரோட்டத்தில் குதித்திருந்தால் அவர்களுக்கு நாம் ஜனாஸாத் தொழுதிருப்போம்.

அந்த மனிதர் பையைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்திருந்த வரிச் சீருடைச் சட்டையை எடுத்தார். கட்டம் போட்ட சேர்ட்டைக் கழற்றிவிட்டு அதை அணிந்தார். ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். பிறகு, முன்னே சொன்னதையே மறுபடி சொன்னார்.

அதே மனிதர். அதே வாய். அதே வார்த்தை. ஆனால் இம்முறை பஸ் அடங்கியது. குதிக்க நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சரிந்த பக்கம் நின்றவர்கள் தம்தம் ஆசனத்துக்குத் திரும்பினார்கள். பஸ் மெல்ல நிமிர்ந்தது.

மிஹ்லார் அவர்கள் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, இதுவரை கதை உங்கள் பக்கம்தான்.

அவர் பெயர் ஜவாத். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். இராணுவத்திலே கோப்ரல். விடுமுறையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஏன் சாதாரண உடுப்பில் வந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவருடைய தாயார் ஆமினா உம்மா ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்லி அனுப்புவாராம்: “மகன், அந்த உடுப்போட நம்மட ஒழுங்கைக்குள்ள வராதீங்க. சனம் கதவப் பூட்டுது.” பெற்ற தாய்க்கே அந்த உடுப்பு ஒழுங்கைக்கு ஆகாத உடுப்பு.

கரையிலே ஒரு உழவு இயந்திரம், பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டியோடு வந்து நின்றது. ஜவாத் ஜன்னலால் உடம்பை வெளியே நீட்டிக் கையசைத்தார். சீருடையைக் கண்ட ஓட்டுநர், தயங்கித் தயங்கி வெள்ளத்துக்குள் இறங்கி, பஸ்ஸின் வாசலோடு பெட்டியை அணைத்து நிறுத்தினார். கச்சிமுகம்மது கூரையில் சாமான் கட்டும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். அதைப் பஸ்ஸுக்கும் பெட்டிக்கும் இடையே இழுத்துக் கட்டி, வாசலில் ஒரு காலும் பெட்டியில் ஒரு காலுமாக நின்று, ஜவாத் ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினார். முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள், பிறகு ஆண்கள்.

பெண்களின் முறை வந்தபோது, கடைசி ஆசனத்தில் ஒரு தாய் எழும்பவே இல்லை.

அவர் திரேசம்மா. சொறிக்கல்முனையைச் சேர்ந்தவர். கல்முனைச் சந்தைக்குக் கீரை கொண்டு வருபவர். நான் பக்கத்தில் போய், “அம்மா, எழும்புங்க, தண்ணி ஏறுது” என்றேன்.

“நீ போ பிள்ள. எனக்கு ஏலா” என்றார்.

“கால் ஏலாட்டி நான் பிடிக்கிறன்.”

“கால் இல்ல பிள்ள. அந்த உடுப்பு.” கீரைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மிகவும் அமைதியாகச் சொன்னார். “என்ட மனிசன வயலால வரக்குள்ள கையில பிடிச்சிக் கூட்டிக்கொண்டு போனதும் இந்த உடுப்புத்தான். விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்க. அந்தக் கையில நான் என்ட கையக் குடுக்க மாட்டன்.”

அவையோரே, அவருடைய கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. அழுது முடித்த கண்கள் அவை. யுத்த காலத்திலே, இந்தக் கரையிலே, யார் யாரோ எந்த எந்தச் சீருடையோ அணிந்து வந்தார்கள். தமிழன் வீட்டுக்கும் வந்தார்கள், முஸ்லிம் வீட்டுக்கும் வந்தார்கள். கொண்டுபோகப்பட்டவர்களைக் காட்டவில்லை, கொன்றது யார் என்று கேட்க விடவில்லை. திரேசம்மாவின் கணவர் சவிரிமுத்து இன்றுவரை வரவில்லை.

ஜவாத் எங்களிடம் வந்தார். திரேசம்மா சொன்னதை அவரும் கேட்டிருந்தார். ஆசனத்தின் மட்டத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பலம் இருந்தது. அதிகாரம் இருந்தது. அவசரமும் இருந்தது. ஆனால், பலவந்தமாக ஒரு சீருடை அந்தக் குடும்பத்தில் இன்னொருவரைப் பிடிப்பதா?

அவர் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். “டீச்சர், இத வச்சிரிங்க” என்றார். வெறும் பெனியனோடு, முழங்காலளவு தண்ணீரிலே, அந்தத் தாயின் முன் குனிந்தார்.

“அம்மா, நான் சாய்ந்தமருது ஆமினா உம்மாட மகன் ஜவாத். வாங்க, என்ட கையப் பிடிங்க.”

திரேசம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளம் போகிற வேகத்திலே அவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: “எந்த ஆமினா? சந்தையில மீன் விக்கிற ஆமினாவா?”

“இல்ல அம்மா. பாய் விக்கிற ஆமினா. பள்ளிக்குப் பின்னால வீடு.”

“ஓம், தெரியும். எனக்குக் கிட்டத்தான் கடை போடுற. நல்ல மனிசி.” அப்படிச் சொல்லிவிட்டு, “பிடி மனே, கெதியா” என்று கையை நீட்டினார்.

சிரிக்கிறீர்கள். நானும் அந்த வெள்ளத்திலே சிரித்தேன். ஒரு சீருடையிடம் தராத கையை, ஒரு தாயின் மகனிடம் தந்தார். சப்ரி அவர்களே, இப்போது கதை உங்கள் பக்கம்.

எல்லோரும் கரை சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். கரையிலே தொலைபேசிகளை நீட்டிக்கொண்டு சனம் கூடியது. “உடுப்பப் போட்டுட்டு ஒருக்கா நில்லுங்க, படம் எடுப்பம்” என்றார்கள். ஜவாத் குளிரில் நடுங்கிக்கொண்டே தலையசைத்து மறுத்தார். நான் சட்டையோடு திரேசம்மாவின் அருகே போனபோது, அவர் அதைப் பார்த்துவிட்டு, அரை அடி விலகி நின்றார். ஜவாத்தின் கையை அவர் பிடித்தார். அந்தச் சட்டையை அவர் மன்னிக்கவில்லை. மன்னியுங்கள் என்று கேட்க நாம் யார்?

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். கடமை அழைத்தால் அணியட்டும். முகம் தெரிய அணியட்டும், பெயர் தெரிய அணியட்டும். ஆனால் சந்தையிலே, சாமான் கடையிலே, பிள்ளைகள் போகும் பஸ்ஸிலே, கடமை இல்லாத இடத்திலே, அதைக் கழற்றி வைக்கட்டும். நமக்கும் ஒரு கேள்வி உண்டு. கட்டம் போட்ட சேர்ட் அணிந்த மனிதர் சொன்னதும் சரியான சொல்தானே? அப்போது நமக்குக் காது எங்கே போயிருந்தது? துணியைக் கண்டு அடங்குவோம், துணியைக் கண்டு அஞ்சுவோம், துணிக்குள் இருக்கும் மனிதனை எப்போது காண்போம்?

இங்கே முடித்திருப்பேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் ஜவாத் தன் தாயாரை அழைத்துக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போனார். சாரன் உடுத்துத்தான் போனார். திரேசம்மாவிடம், “உங்கட மனிசன்ட முழுப் பேரச் சொல்லுங்க அம்மா. எனக்கு வாக்குத் தர ஏலா. ஆனா கேப்பன்” என்றார். திரேசம்மா பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். கணவரைப் பிடித்துக்கொண்டு போன வயல் வரம்பைக் கையால் காட்டினார்.

முகாமுக்குத் திரும்பிய ஜவாத், சீருடையைத் தேய்த்து அணிந்து, தன் மேலதிகாரியின் முன் போய் நின்றார். சவிரிமுத்து என்ற பெயரைச் சொல்லி, அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதிகாரி, “இதைக் கேட்க நீ யார்? அவர் உனக்கு உறவா?” என்று கேட்டாராம்.

ஜவாத் சொன்ன பதிலை அவர் வாயாலேயே கேட்டேன்: “உறவில்ல, சேர். கொண்டுபோனவங்க போட்டிருந்த உடுப்பத்தான் நானும் போட்டிருக்கன். அதனால கேக்கிறன்.”

பதில் இன்னும் வரவில்லை. ஆனால், அந்தப் பெயரைக் கேட்டு ஒரு சீருடை இன்னொரு சீருடையின் முன் நின்றிருக்கிறது. சீருடையைப் பெருமையோடு அணிய இந்த நாட்டில் ஓர் இடம் உண்டென்றால், பெரியோரே, தாய்மாரே, அது அந்த இடம்தான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், தங்கள் வாதத்தால் என் வேலையைக் கடினமாக்கிய இரு நண்பர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.