கல்யாண மாலையும் கானலும்

நான் ஏசி வாங்கிய மாதமே காவிரி வற்றிவிட்டது. என் ஏசிதான் காரணம் என்று மனதார நம்பி, இரண்டு வாரம் அதைப் போடாமல் வியர்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆடிப் பதினெட்டு அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகள் மடியில் ஒரு துணிப்பை. அதில் காய்ந்துபோன கல்யாண மாலை. புதிதாக மணமானவர்கள் அன்றைக்கு அதை ஆற்றில் விடுவார்கள். பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே கரைக்குக் கரை மணல், வெயிலில் நெளிந்து நெளிந்து மிதந்தது.

“அதோ, தண்ணி போகுது பாரு,” என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

“அது தண்ணி இல்லம்மா, வெயில்.”

“போடி. போன வருஷம் கரை கொள்ளாம போச்சு. ஒரு வருஷத்துல ஆறு எங்கடி போயிடும்?”

“உலகமே சூடாகுதாம்மா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“படித்துறையில குளிக்கிறதுக்கு ஷவர் போட்டிருக்காங்களாம்,” என்றாள் மகள்.

“ஷவர்ல மாலையை எப்படிடி விடறது? அது ஓடினாத்தான் உங்க குடும்பம் ஓடும்.”

“நானும் அவரும் நல்லாத்தானேம்மா இருக்கோம்?”

அம்மா மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மா மண்டபம் படித்துறை ஸ்டாப்பில் அவர்கள் இறங்க, நானும் இறங்கினேன். இருவரும் ஆற்றின் நடுவில் உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. மகள் மாலையை அதில் வைத்தாள்.

மாலை நனைந்தது. ஓடவில்லை.