மணலில் ஊன்றும் கம்புகள்

குத்த முடியும். முனை இரும்பு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மணலில் குத்துவதற்கு.

என் பெயர் எழில்மதி, வயது இருபத்து நான்கு, கணவர் பெயர் இளவரசன், இருப்பு உளுந்தூர்பேட்டை அருகே களமருதூர், தென்னார்க்காடு மாவட்டம். பி.ஏ. படித்திருக்கிறேன். நான் சொல்வதைக் காவல் நிலைய ஏட்டு எழுதுகிறார்.

என் கணவர் கடலூர் கடற்கரையில் பெரிய குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். ஐப்பசி மழையில் அங்கே ஆள் வராது. அதனால் புரட்டாசியிலேயே எல்லாவற்றையும் லாரியில் ஊருக்குக் கொண்டுவந்துவிடுவோம். கம்புகள் கல்வராயன் மலை மூங்கில், அடியில் கூரான இரும்புப் பூண். உப்பு போகக் கிணற்று நீரில் கழுவி, உலர்த்தி, பூணுக்குக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, கரையான் ஏறாமல் பரணில் போட வேண்டும். துணியை இரும்போடு வைக்கக் கூடாது. துருக்கறை போகாது. ஈரத்தோடு சுருட்டினாலும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே துணிகள், குடையை விரித்து நிறுத்தத் தைத்த மூங்கில் சிம்புகளோடு, காலனியில் சின்னப்பொண்ணு வீட்டில் இருக்கும். கிழிசல் தைத்து, வேப்பிலை போட்டுச் சுருட்டி வைப்பது அவர் வேலை. இந்த ஆண்டும் அப்படியே வைத்தோம். நாற்காலிகள் அடுத்த லாரியில் வர வேண்டியவை. அதற்குள் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்களின் மறியல் தொடங்கியது. சாலையில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. லாரி வரவில்லை.

அதன் பிறகு நேற்றுக் காலை போலீசார் எங்கள் தெருவைச் சோதனையிட்டார்கள். ஒரு காவலர் பரணிலிருந்து சாக்கை இழுத்தார். கிரீஸ் வெயிலில் மின்னியது. "ஈட்டிக்கு எண்ணெ போட்டுல்ல வச்சிக்கீறான்" என்றார். என் கணவர், "கொடைக் கம்புங்க சார்" என்றார். "அப்ப துணி எங்கடா?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தெரு ஆண்கள் நின்றிருந்தார்கள். மறியல் முடியும்வரை காலனியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். பெயரைச் சொன்னால் ஜீப் நேராகச் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். நானும் பேசவில்லை. அவரையும் கம்புகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு இன்று காலை நான் காலனிக்குப் புறப்பட்டேன். தெருமுனையில் கணவரின் சித்தப்பா மகன் பச்சமுத்து மறித்து, "ஒரு துணிக்காவ அங்க போய் நிக்கப் போறியா அண்ணி?" என்றார். "ஒங்க அண்ணன் உள்ள கீறாரு. நீ போய் இட்டுக்கினு வரியா?" என்று கேட்டேன். அவர் நகர்ந்தார்.

சின்னப்பொண்ணு கதவைப் பாதிதான் திறந்தார். "இன்னாம்மா, துணி எடுக்கத் தை மாசம் வர்ற ஆளு இப்பவே வந்துக்கீற? என் வூட்டுத் தண்ணிகூட ஆவாதுன்னாங்களே ஒங்க ஆளுங்க" என்றார். நடந்ததைச் சொன்னேன். ஒரு துணியை எடுத்து, ஒட்டியிருந்த வேப்பிலையை உதிர்த்தார். "என்னியும் ஈட்டி கேஸ்ல எழுதிக்குவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதன் பிறகு துணியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். எங்கள் தெரு வழியாகவே.

அதன் பிறகு இந்த நிலைய முற்றத்தில், இன்ஸ்பெக்டர் முன்னிலையில், ஒரு கம்பில் துணியை மாட்டினோம். மண் இறுகியிருந்தது. பூண் இறங்கவில்லை. சின்னப்பொண்ணு பிடித்துக்கொள்ள நான் விரித்தேன். நீலமும் வெள்ளையும். அப்போது மழை தொடங்கியது. இன்ஸ்பெக்டர் குடைக்குள் வந்து நின்றார். "ஒண்ணு சரி. மீதிக் கம்புக்கெல்லாம் துணி கீதா? கோர்ட்டுக்கு வண்டி சாயங்காலம். அதுக்குள்ள எல்லாத்தையும் கொண்டா, ஒன் புருஷன விட்டுர்றேன்" என்றார். பிறகு, "இத வச்சிக் குத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு" என்றார். அதற்குத்தான் இந்த வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே பதில் சொன்னேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்ததைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) இ. எழில்மதி

ஏட்டின் குறிப்பு: சாட்சி கையெழுத்திட்டபின் வீட்டுக்குச் செல்லவில்லை. குடை ஈரமாக இருந்ததால் சுருட்டாமல், விரித்தபடியே முற்றத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, மீதித் துணிகளை எடுக்கச் சின்னப்பொண்ணுவுடன் மழையிலேயே காலனிக்கு நடந்து போனார்.